கொட்டாய்க்குத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"சினிமா கொட்டாய்க்குப் போய்த் திருப்பணின்னு பேர் வைக்கலாமா?" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். பாடலீஸ்வரர் கோயிலுக்குத் தினமும் போகிறவர். அன்று யாரும் அவருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் திருப்பணி என்றால் கோயிலுக்குத்தான், அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ரசீதுப் புத்தகம் அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்தில் பழக்கதோஷத்தில் ‘திருப்பணி நன்கொடை’ என்றே அடித்துவிட்டார்கள். மறுபடி அடிக்கக் காசில்லை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பழைய சினிமா கொட்டாயைக் கச்சேரி அரங்கமாக மாற்றும் வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனித்தாளாக இத்துடன் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பணம் போயிருக்கு, உள்ளே போனா ஒண்ணும் தெரியலையே" என்று பலர் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் போயிருக்கிறது. அது எங்கே என்று சொல்லவே இந்த அறிக்கை.

முதலில் கொட்டகையின் கதை. பழைய பத்திரத்தில் இது ‘டிராமா கொட்டகை’ என்றுதான் இருக்கிறது. எழுபதுகளில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விசிலடித்தவர்களுக்குக்கூட இது தெரியாது, அவர்கள் கண்ணுக்கு இது பிறவியிலேயே சினிமா கொட்டாய். ஆனால் பேசும்படம் வருவதற்கு முன்பே நாடகக் கம்பெனிகள் மாதக்கணக்கில் முகாம் போட்டு நடித்த பூமி இது. நாடகத்துக்கே வாத்தியாரான சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதியை இப்போதும் போய்ப் பார்க்கலாம். 1931-இல் தமிழ் பேசும்படம் வந்தது. அப்புறம் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் தமிழ்நாட்டில் நாடகக் கொட்டகைகள் பல வெள்ளைத்திரை கட்டிக்கொண்டன. பாட்டு வந்த நடிகர்கள் படத்துக்குப் போனார்கள். கொட்டகையும் அவர்கள் பின்னாலேயே போனது.

நம்முடையதும் அப்படித்தான் போயிருக்கிறது. எவ்வளவு அவசரமாகப் போனது என்பது திரையைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் நின்ற மரச்சட்டம், அதற்குப் பின்னால் ஒற்றைக்கல் சுவர். கொத்தனார் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்தாண்ட காலியா இருக்குதுங்க" என்றார். நாலு செங்கல்லை எடுத்து டார்ச் அடித்தால் உள்ளே ஒரு முழு மேடை! யாரும் இடிக்கவில்லை, பிரிக்கவில்லை. முன்னால் ஒரு சுவரை எழுப்பி மூடிவிட்டு, மறுவாரம் படம் ஓட்டியிருக்கிறார்கள்.

தேக்குப் பலகை. மேலே சீன் படுதா இழுக்கும் மரக்கப்பிகள், கயிறு ஓடி ஓடி விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தவை. தரையில் இடப்பக்கமாக ஒரு சதுரக் கதவு. யாராவது மாயமாய் மறைய வேண்டிய காட்சிக்கு வைத்தது போலிருக்கிறது. வலப்பக்க ஓரத்தில் பலகை இரண்டு இடங்களில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. நம் உறுப்பினர்களில் மூத்தவர், சின்ன வயதில் நாடகம் பார்த்தவர், வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இரண்டு குதிகாலையும் அந்த இரண்டு தேய்மானத்திலும் வைத்துக் காட்டினார். கால் ஹார்மோனியம் மிதித்தவருடைய இடம். அன்று மத்தியானம் யாரும் வேலை பார்க்கவில்லை.

அந்த மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். நாடகப் பாட்டுக்காரர்கள் ஐந்து கட்டை, அதற்கும் மேலே என்று உச்ச சுருதியில் நின்றதற்கு அது ஒரு காரணம். கிட்டப்பாவின் குரலுக்கு அவ்வளவு பேர் வந்தது சும்மா இல்லை. குரல் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை, கட்டடமும் கூடச் சேர்ந்து செய்தது. மேடையின் பின்சுவரும் மேடை வாய் வளைவும் கெட்டிச் சுண்ணாம்புப் பூச்சு. பாடியது அதில் பட்டு முன்னால் வரும்.

சினிமாவுக்கு இதெல்லாம் ஆகாது. ஒலி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, சுவரும் சேர்ந்து பேசினால் வசனம் குழம்பும். அதனால் சினிமாவாக மாற்றியவர்கள் நாலு பக்கமும் துளை போட்ட அட்டையை அடித்து, பின்னால் தேங்காய் நாரைத் திணித்து, கொட்டகையின் வாயை அடைத்துவிட்டார்கள். அவர்கள் தொழிலுக்கு அது சரிதான். நாம் அதைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது.

பாட்டு, சினிமா, மறுபடி பாட்டு என்பது நமக்கு மட்டும் நடந்ததில்லை. பிரான்சில் இருக்கும் நம் உறுப்பினர் சொல்லித்தான் தெரிந்தது: பாரிஸில் ஒலிம்பியா 1893-இல் ஆட்டம் பாட்டத்துக்குத் திறந்து, நடுவில் சினிமா ஓட்டி, 1954-இல் மறுபடி பாட்டுக்கே திரும்பியதாம். பம்பாய் ராயல் ஓபரா ஹவுஸ் 1911-இல் திறப்பு விழா கண்டது. அதுவும் சினிமா ஓட்டியது, 1993-இல் பூட்டியது, 2016-இல் மறுபடி திறந்தது. அங்கெல்லாம் செலவான பணத்தில் நூற்றில் ஒரு பங்கு நமக்கு இருந்திருந்தால் இந்த அறிக்கை இரண்டு வருடம் முன்பே வந்திருக்கும்.

சரி, கூரைக்கு வருவோம். செலவில் பாதிக்கு மேல் விழுங்கியது அதுதான்.

30.12.2011 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அன்று, நம் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பாதி பறந்தது. அப்போதே படம் ஓட்டுவது நின்றிருந்தது. ஃபிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்த காலம், புது புரொஜக்டருக்கு முதல் போட முடியாத தனித் தியேட்டர்கள் ஊர் ஊருக்குப் பூட்டிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் பல வருடம் உள்ளே மழையும் வௌவாலும்தான்.

ஷீட் மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். ஆனால் கச்சேரிக் காலம் மார்கழி. கடலூரில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, சில வருடம் மார்கழியிலும் நின்று பெய்யும். ஷீட் கூரையில் மழை அடித்தால் சினிமாவில் சண்டைக் காட்சியே கேட்காது, ஆலாபனை எங்கே கேட்கும்? ஆகவே மேலே தகரம், கீழே ராக்வூல் என்ற கற்பஞ்சு, ஒரு முழத்துக்குக் காற்று இடைவெளி, அதற்குக் கீழே இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. கீழேயிருந்து பார்த்தால் சாதா வெள்ளைக் கூரை. மழை பெய்யும்போது வந்து பாருங்கள்.

பழைய ஷீட்டை உடைக்காமல், தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, பாலித்தீனில் சுற்றித்தான் இறக்கினோம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் முப்பது வருடம் கழித்தும் வேலையைக் காட்டும். முகமூடி போட மறுத்த இரண்டு பேரைக் குழு வீட்டுக்கு அனுப்பியது. அப்போது பலர் கோபப்பட்டார்கள். எங்களுக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறொன்றில். முதல் கூரை ஒப்பந்தக்காரர் ஷீட்டை எல்லாம் இறக்கிவிட்டு, முன்பணத்தோடு புரட்டாசியில் காணாமல் போனார். பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் நடக்கிறது. ஐப்பசி முழுக்கத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ராத்திரி முறை போட்டுக் காவல் இருந்தோம். அப்படியும் மேடைப் பலகையில் தண்ணீர் இறங்கிவிட்டது. விசாரிக்காமல் முன்பணம் கொடுத்தது குழுவின் தவறு. ஒத்துக்கொள்கிறோம்.

அடுத்த தவறு சுவரில். பழைய அட்டையை எல்லாம் ஒரே மூச்சில் பிய்த்துப் போட்டோம். நம் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் மட்டும், "பாதியை விட்டு வைங்கப்பா" என்றார். கேட்கவில்லை. எல்லாம் பிய்த்த பிறகு அவர் மேடையில் நின்று ஒரு பலூனை ஊசியால் குத்தினார். பின்வரிசையில் இன்னொருவர் செல்போனில் பதிவு செய்தார். ஓர் ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. கிட்டத்தட்ட மூன்று வினாடி வந்தது. மிருதங்கம் கொண்டுவந்து தட்டச் சொன்னோம். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், விழுந்த ‘தொம்’ கிளம்பிப் போவதற்குள் அடுத்த ‘தொம்’ வந்து அதன் மேல் உட்கார்ந்தது. கிணற்றுக்குள் தனி ஆவர்த்தனம் மாதிரி இருந்தது.

ஆசிரியர் எங்களைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதை சொன்னார். 1895 வாக்கில் அமெரிக்காவில் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு வகுப்பறையில் பேசினால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் சரி செய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்து அரங்கத்து நாற்காலி மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி தேய்வதைக் கடிகாரம் வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தையை எல்லாம் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அப்படிக் கிடைத்ததுதான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் போடும் கணக்கு: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உள்ளே ஒலியைக் குடிக்கும் பரப்பால் வகுக்க வேண்டும். மீட்டர் அளவில் போட்டால் வினாடி வரும். ஒலியைக் குடிப்பதில் மனிதனும் சேர்த்தி. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய அரை சதுர மீட்டர்.

அந்த அரை மீட்டரில்தான் நாற்காலிச் சண்டை தீர்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போதும் என்றது ஒரு கட்சி. பிளாஸ்டிக் ஒன்றையும் குடிக்காது, கூட்டம் குறைந்த நாளில் அரங்கம் கத்தும், நிறைந்த நாளில் அடங்கும், பாடுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் புது அரங்கம் என்றார் ஆசிரியர். மெத்தை நாற்காலி என்றால் ஆள் இல்லாவிட்டாலும் ஆள் உட்கார்ந்த மாதிரிதான். மெத்தையே வாங்கினோம். பிய்த்த அட்டையில் நல்லதைப் பொறுக்கி, அரங்கின் பின்சுவரிலும் பக்கச் சுவர்களின் பின்பாதியிலும் திரும்ப அடித்தோம். முன்பாதி வெறும் சுண்ணாம்பு. இப்போது ஒன்றேகால் வினாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பாட்டுக்கு அது போதும், பேச்சும் புரியும்.

புரொஜக்டர் ரூமை அப்படியே வைத்திருக்கிறோம். கனத்த சுவர், சதுர ஓட்டைகளுக்கு மேலே சரிந்து விழும் இரும்புத் தகடு. பழைய நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரில் போட்டாலும் எரியும், அதற்கான ஏற்பாடு. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம். அதற்குள் புரொஜக்டர் விளக்கின் கார்பன் குச்சி தேயத் தேய ஆபரேட்டர் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். சவுண்ட் மிக்சரையும் அங்கேயே வைத்துவிடலாம் என்று திட்டம் போட்டோம். சவுண்ட்காரர் ஒரே வார்த்தையில் மறுத்தார்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டு இந்தப் பக்கத்துக் குழம்புக்கு உப்பு பாக்க முடியாதுங்க." மிக்சர் பின்வரிசை நடுவில் ஆறு நாற்காலியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. மேலே விளக்கு மட்டும். விளக்கு லைனையும் சவுண்ட் லைனையும் தனித்தனியாக இழுத்திருக்கிறோம். இல்லாவிட்டால் தம்புராவோடு கரண்டும் சேர்ந்து சுருதி போடும்.

டிக்கெட் வாங்கும் சந்தினை இடிக்கச் சொல்லி மூன்று கடிதம் வந்தது. ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய அந்தக் குறுகல் சந்து, முடிவில் கை மட்டும் போகும் பொந்து. பொந்தின் சிமெண்டு விளிம்பு, சில்லறை வைத்துத் தள்ளியே குழிந்திருக்கிறது. இடிக்கவில்லை. வண்டி நாற்காலிக்குத் தனிச் சரிவுப் பாதை வடக்கு வாசலில் போட்டாயிற்று. தரை டிக்கெட் பகுதியிலும் நாற்காலி போடவில்லை, ஜமக்காளம்தான். தரையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்களுக்கு அந்த இடம்.

வெள்ளோட்டத்துக்கு மைக் இல்லாமல் ஓதுவார் ஒருவரைப் பாடச் சொன்னோம். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறியது நம் ஊரில்தானே, கரையேறவிட்ட குப்பம் என்று இன்னமும் பெயர் இருக்கிறதே. நம் ஊர் மேல் அவர் பாடிய தேவாரத்தையே எடுத்தார். முதல் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அன்பர் கடைசி வரிசையில் இருந்தார். ஒவ்வோர் எழுத்தும் கேட்டது என்றார். பெயரைப் பற்றி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் ரயில் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது, அதுவும் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டது. கிழக்குப் பக்கக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுவது பாக்கி. பெண்கள் கழிப்பறையில் இன்னும் இரண்டு கட்ட வேண்டும், இப்போது இருப்பது இடைவேளைக் கூட்டத்துக்குப் போதாது. உரிமம் சினிமாவுக்கான சி ஃபார்ம் இல்லை, 1888-ஆம் வருடப் பொதுமக்கள் கூடுமிடச் சட்டத்தின் கீழ் வாங்கியிருக்கிறோம். கட்டடத்தைவிடச் சட்டத்துக்கு வயது அதிகம்.

கடைசியாக, மேடை இடப்பக்கத்துச் சதுரக் கதவு. ஆணி அடித்து மூடச் சொன்னதற்கு ஆசாரி மாட்டேன் என்றுவிட்டார், நாங்களும் வற்புறுத்தவில்லை. கீழே வெற்றிடம். கச்சேரிக்கு மேடை போடும் உறுப்பினர்கள் தயவுசெய்து அதன் மேல் மிருதங்கக்காரரை உட்கார வைக்க வேண்டாம்.