நாக்பூரில் இருக்கும் நண்பனுக்கு: நம் ஊரில் வீடும் மனையும்

கோயம்புத்தூர்,
தை மாதம்.

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு மூட்டுவலி குறைந்து, பிடிமானம் இல்லாமலே மாடிப்படி ஏறி இறங்குகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கோவையில் வீட்டு விலை மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது என்று உன் மகன் சொல்வது உண்மையா, வடவள்ளிப் பக்கம் நீ வாங்கிப் போட்ட ஐந்து சென்ட் மனையை இப்போது விற்றுவிடலாமா, நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாமே என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

விலை ஏறுவது உண்மைதான். ஆனால் எந்தப் பள்ளத்திலிருந்து ஏறுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நகரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெறாமல், பஞ்சாயத்து அப்ரூவல் என்ற ஒரே முத்திரையை நம்பித் தோட்டங்களை மனைகளாகப் பிரித்து விற்றுவந்த நம் ஊருக்கு அது பெரிய அடி. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் நவம்பர் 8-ல் பணமதிப்பிழப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அரசு, பத்திரப் பதிவுக்காகத் தானே நிர்ணயிக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக உயர்த்தியது. முத்திரைத் தீர்வை ஏழு சதவீதத்தையும் சேர்த்தால் பதினொன்று. அதன் பிறகு கொரோனா. இடையில் சில ஆண்டுகள், விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆளில்லை. வாங்க நினைத்தவர்களுக்குப் பத்திரத்தின் மீது நம்பிக்கையில்லை.

2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை இரண்டு சதவீதமாகக் குறைத்தபோது பலர் மகிழ்ந்தார்கள். அதே நாளில் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கு ஏற்றப்பட்டதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பது லட்சம் என்றிருந்த வழிகாட்டி மதிப்பு 2017-ல் சுமார் இருபது லட்சமாக இறங்கியிருக்கும். அதற்குப் பதினொரு சதவீதம் என்றால் இரண்டு லட்சத்து இருபதாயிரம் செலவு. 2023-க்குப் பிறகு முப்பது லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் என்றால் இரண்டு லட்சத்து எழுபதாயிரம். விகிதம் குறைந்தது, செலவு கூடியது. அப்படியிருந்தும் சந்தை எழுந்தது என்றால் அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் கணினி நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. கொரோனாவின்போது பெங்களூரிலிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கு வாங்கும் ரெப்போ வட்டி 6.5 சதவீதமாக இருந்ததை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ஒரு சதவீதம் குறைத்தது. மாதத் தவணையை வைத்துத்தான் வீடு வாங்குகிறவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்பதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன்.

இங்கே கோவை ராமநாதபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றித்தான் உன்னிடம் அதிகம் பேச வேண்டும். எண்பதுகளில் கட்டிய மூன்று மாடி, பதினெட்டு வீடுகள். நீ கடைசியாக வந்தபோதே சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்ததைக் காட்டினேன். இப்போது அந்தக் கம்பியும் துருப்பிடித்து ஏடு ஏடாக உரிகிறது. விரலால் தேய்த்தால் செந்தூள் கொட்டுகிறது. மழைக்காலத்தில் கீழே குழந்தைகளை விளையாட விடுவதில்லை. பூச்சுவேலையால் இதைச் சரிசெய்ய முடியாது, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட முடிவுக்கு ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். 2022-ல் இயற்றி 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழிவிட்டிருக்கிறது. எங்களில் பன்னிரண்டு பேர் போதும். ஆகவே சட்டம் ஒரு தடையாக இல்லை, கணக்குதான் இடிக்கிறது. அதை உனக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் உன் அண்ணன் வீட்டுக்கும் நாளை இதே பேச்சு வரும்.

எங்கள் ஒவ்வொரு வீடும் தொள்ளாயிரம் சதுர அடி. ஒவ்வொருவருக்கும் பத்திரத்தில் அறுநூறு சதுர அடி யூடிஎஸ், அதாவது பிரிபடாத பாக நிலம், இருக்கிறது. நிலத்தைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்ற அந்தக் கால விதிப்படி கட்டியது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை இரண்டு மடங்காக்கின. அப்படியானால் ஒவ்வொருவரின் நிலத்தின் மீதும் ஆயிரத்து இருநூறு சதுர அடி கட்டலாம். உரிமையாளருக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது கொடுத்தால் கட்டுநருக்கு மிஞ்சுவது இருநூற்று ஐம்பது. பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு சதுர அடி. மொத்தம் கட்ட வேண்டியதோ இருபத்தோராயிரத்து அறுநூறு. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து கோடியே நாற்பது லட்சம் ஆகிறது. மிஞ்சிய இடத்தைச் சதுர அடி எட்டாயிரத்துக்கு விற்றாலும் மூன்று கோடியே அறுபது லட்சம்தான் வரும். பன்னிரண்டாயிரத்துக்கு விற்றால்தான் கட்டிய செலவே கைக்கு வரும். அதற்குப் பிறகுதானே அவர் லாபம் பார்க்க வேண்டும்? தியாகராய நகரிலும் மும்பையிலும் இந்தக் கணக்கு நேராகிறது, ஏனென்றால் அங்கே விற்பனை விலை மிக அதிகம். நம் ஊரைப் போன்ற ஊரில், விலை இன்னும் ஏறினாலொழிய, அல்லது அகலமான சாலையை ஒட்டி இருந்து கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்க முடிந்தாலொழிய, உரிமையாளர்களும் கையிலிருந்து பணம் போட்டே ஆக வேண்டும்.

அதனால்தான், எல்லாம் இலவசம், கூடவே பெரிய வீடு என்று சொல்லி வந்த முதல் ஆளை நான் கூட்டத்தில் எதிர்த்தேன். கைப்பணம் கேட்டு வந்த இரண்டாவது நிறுவனத்தின் திட்டத்தைத்தான் எடுத்துப் பேசலாம் என்றேன். சிலருக்கு என் மீது கோபம். ஆனால் பாதியில் நின்றுபோன கட்டடங்களுக்குக் கடன் கொடுத்த கோப்புகளை நான் கையாண்டிருக்கிறேன். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையையும் முடியாத வீட்டுக்குத் தவணையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து நின்ற குடும்பங்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. சிங்காநல்லூர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு உனக்குத் தெரியும். அங்கே ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்கள் காலி செய்துவிட்டு, மறுகட்டுமானத்துக்காக ஆண்டுக்கணக்கில் வெளியே காத்திருந்தன. எங்கள் ஒப்பந்தத்தில் வங்கி உத்தரவாதம் இருக்க வேண்டும். கட்டி முடிக்கும் வரை மாத வாடகை எங்களுக்கு வர வேண்டும். மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில், பதிவும், வாங்குபவர்கள் தரும் பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைப்பதும் தொடங்கும் முன்பே உறுதியாக வேண்டும். இவை இல்லாமல் நான் கையெழுத்திட மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் மாடியில் இருக்கும் பெரியம்மா மட்டும் ஒப்பவே இல்லை. எண்பது வயதைத் தாண்டியவர். கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். "நான் திரும்பி வருவேன்னு யாருங்க சொல்றது?" என்று கூட்டத்தில் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்துவிட்டால் அவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை என்று எங்கள் செயலாளர் சொன்னது சரிதான், ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. பக்கத்துத் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டை முன்கூட்டியே பார்த்து, அவருக்குப் பழகிய மருந்துக்கடையும் கோயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி செய்துவிட்டுத்தான் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பதினெட்டில் ஏழு வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி இங்கே, வேலை இங்கே. புதிய வாடகையோ அவர்களுக்கு எட்டாது. குறைந்தது ஒரு கல்வியாண்டு முடியும் வரை அவகாசம் தர வேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் கொண்டுவருகிறேன்.

உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அழகாக்கியிருக்கிறார்கள். மாலையில் நடக்கப் போனால் மனம் குளிர்கிறது; குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். அது நல்ல காரியம், மறுக்க மாட்டேன். ஆனால் குளக்கரைகளில் வாழ்ந்தவர்களை மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், கீரணத்தம் என்று ஊரின் ஓரங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வரும் பெண் முன்பு கரையிலிருந்து நடந்தே வந்துவிடுவார். இப்போது மலுமிச்சம்பட்டியிலிருந்து உக்கடம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டார். சிமெண்ட் கூரையும் தனிக் கழிப்பறையும் கிடைத்தது பற்றி அவருக்கு மகிழ்ச்சிதான். வருமானம் குறைந்தது பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஊர் திருந்துகிறது என்று நாம் பேசும்போது இந்தக் கணக்கும் அதில் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி உன் மனை. நீ வாங்கியது தொண்ணூறுகளின் கடைசியில், பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும் உள்ள மனைப்பிரிவில். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனை என்பதால் அதை மறுகிரயம் செய்யத் தடையில்லை. ஆனால் வரன்முறை செய்யாத, அதாவது அரசிடம் விண்ணப்பித்து முறைப்படுத்தாத, மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கிகளும் கடன் தராது. அப்படியே விற்றால் ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க வருவார். விலையையும் அவரே சொல்வார். ஆகவே அவசரப்படாதே. இப்போது விற்பவர்களைவிட, காகிதத்தைச் சரிசெய்துகொண்டு ஓராண்டு கழித்து விற்பவர்களுக்குத்தான் இந்த ஏற்றத்தின் பலன் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், மனைப்பிரிவு வரைபடம், பட்டா ஆகியவற்றின் நகல்களை அனுப்பு. வில்லங்கச் சான்றை நானே இங்கு எடுத்துக்கொள்கிறேன். பட்டா இன்னும் பழைய நிலச் சொந்தக்காரர் பெயரில் கூட்டாக இருந்தால், முதலில் உட்பிரிவுக்கு மனு கொடுக்க வேண்டும்; அதற்கு நீ ஒரு முறை நேரில் வர நேரிடும். பங்குனியில் வந்தால் வெயில் கடுமையாவதற்குள் வேலையை முடித்துவிடலாம். தங்கையையும் அழைத்து வா, எங்கள் வீடு தரைத்தளம்தான்.

அன்புடன்,
ரங்கநாதன்