ஒரே வளையில் 43 ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில் சிலந்தியின் ஆயுள் ஓரிரு ஆண்டுகள் என்று வெளியிட்டிருந்தீர்கள். வீட்டு மூலையில் வலை பின்னும் சிலந்திகள் பலவற்றுக்கு அது சரி. மண்ணில் வளை தோண்டி, வாசலுக்கு மூடி போட்டு வாழும் சிலந்திகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே வடக்கு பங்கல்லா என்றொரு சிறு காப்புக்காடு இருக்கிறது. அங்கே 'கையஸ் வில்லோசஸ்' என்ற அத்தகைய சிலந்தி இனத்தின் வளைகளுக்கு எண்ணிட்டு, 1974 முதல் கவனித்துவந்தார் சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின். அந்த ஆண்டு தாயைப் பிரிந்து தனி வளை தோண்டிய பெண் குஞ்சுதான் 16ஆம் எண். 2016இல் ஆய்வாளர் லியாண்டா மேசன் போய்ப் பார்த்தபோது மூடி துளைக்கப்பட்டிருந்தது; குளவி தாக்கியதற்கான அடையாளம். அப்போது அதன் வயது 43. அதற்கு முன் அறியப்பட்ட மிக நீண்ட சிலந்தி ஆயுள் 28 ஆண்டுதான்.

அத்தனை காலமும் அதே வளை! உடல் பெருக்கப் பெருக்க வளையை அகலப்படுத்திக்கொள்ளும். வாசல் விளிம்பில் சுள்ளிகளை விசிறிபோல ஒட்டிவைக்கும். இரவில் மூடிக்குக் கீழே காத்திருக்கும். எறும்பு ஒரு சுள்ளியை மிதித்தால் போதும், அதிர்வு காலுக்கு எட்டிவிடும். ஆண் மட்டும் வளர்ந்ததும் இணை தேடிக் கிளம்பிவிடும். பெண் இடம் மாறாது. வளை இருக்கும் மண்ணை உழுதுவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

இதே குடும்பத்துச் சிலந்திகள் நம் நாட்டிலும் உண்டு. போடி மலைப்பாதையோர மண்கரையில் இத்தகைய வளைகளை மாணவிகளுக்குக் காட்டியிருக்கிறேன். புல் நுனியால் மூடியை மெல்ல நெம்பினால், உள்ளிருந்து பற்றி இழுப்பது விரலுக்குத் தெரியும். ஒரு முறைக்கு மேல் யாரையும் நெம்ப விடமாட்டேன். மூடிக்கொண்டால் வாசல் எங்கே என்று நமக்கே தெரியாது. பொக்லைன் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? கரையை ஒரு முறை செதுக்கினால் பல ஆண்டு வாழ்ந்தவை மண்ணோடு லாரியில் போய்விடுகின்றன.

மலைச்சாலைகளை அகலப்படுத்தும் முன், அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையினரைக் கரையைப் பார்வையிட அழைக்க நெடுஞ்சாலைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்களும் 16ஆம் எண்ணின் வரலாற்றை அதே சிறுவர் பக்கத்தில் படத்துடன் வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, தேனி மாவட்டம்