ஒரு லோடு கழிவுக்கல் கொடுங்கள்

பள்ளிக்கல்வித் துறைக்கும், அரியலூர், பெரம்பலூர் மாவட்ட நிர்வாகங்களுக்கும், அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சிமெண்ட் ஆலைகளுக்கும்

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். சூளைக்கு லாயக்கில்லை என்று சுரங்கத்து ஓரமாகக் கொட்டிவைக்கிறீர்களே, அந்தக் கல்லும் மண்ணும், பள்ளிக்கு ஒரு லோடு வேண்டும். கட்டடம் கட்ட இல்லை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கிளறி, அதற்குள் இருக்கும் புதைபடிவங்களை, அதாவது கல்லாகிப்போன பழங்கால உயிர்களின் மிச்சத்தை, தேடிப் பார்க்க.

நான் ஜியாலஜி படித்துவிட்டு இப்போது பெரம்பலூர் பக்கம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் ஊர்களைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த காலம் தாண்டியும், கடல் ஏறி இறங்கி வண்டலை விட்டுப்போன இடம் இது. ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று இங்குள்ள பாறைத் தொகுதிகளுக்கு பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்கார ஜியாலஜிஸ்ட் 1860களில் வைத்த பெயர்களைத்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்றும் எழுதுகிறார்கள். காரையில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர், பெலம்னைட் என்ற கணவாய் மாதிரி உயிர், சுறாப் பல். கருடமங்கலத்தில் சிப்பியும் நத்தையும் நெருக்கியடித்துக் கிடக்கும் கல். கல்லங்குறிச்சியில் அடுக்கடுக்காகக் கல்லாகிப்போன பெரிய சிப்பிகள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற ஜியாலஜிஸ்ட் கண்டு சொன்னது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் செலவு பண்ணிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் சிப்பிக்கல் ஏற்றிய லாரி போகிறது, எங்கள் பிள்ளைகள் புழுதிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

கீழடி என்றால் இன்று நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சந்தோஷம்தான். ஆனால் அது 2,600 ஆண்டுக் கதை, மனிதர்கள் வாழ்ந்த கதை. நம் ஊரில் கிடப்பது மனிதன் என்ற ஒன்றே இல்லாத காலத்துச் சமாச்சாரம், அதை ஆராய்வது வேறு துறை. ரெண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களையே பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லமுடியாது, அவர்களுக்கும் யாரும் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. 2020இல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் ஊரே பரப்பியது ஞாபகம் இருக்கும். வந்து பார்த்த ஜியாலஜிஸ்டுகள் முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மோனைட்டை உள்ளே வைத்து இறுகிய உருண்டைக் கல் என்றார்கள். அதற்குள் செய்தி எங்கெங்கோ போய்விட்டது. ஏழாம் வகுப்பில் ஒருமுறை அப்படி ஒரு உருண்டையை உடைத்துப் பார்த்த பிள்ளை அந்த ஊரில் ஒன்று இருந்திருந்தாலே போதும், அது சொல்லியிருக்கும்.

அருங்காட்சியகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வாரணவாசியில், நல்ல விஷயம், இருக்கவேண்டும். ஆனால் பள்ளிச் சுற்றுலா என்றால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். வேறு ஒரு ஊர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது வரிசையாக உள்ளே விட்டு, தொடாதே, சாயாதே, சீக்கிரம் நட என்று விரட்டி, மூச்சு விடுவதற்குள் வெளியே கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கடையைத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்தது. பிள்ளைக்கு அதில் வேலை இல்லை.

கையில் கொடுத்தால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளை மாடியில் உட்கார வைத்துச் செய்கிற வேலைதான் இது, பெரிய கருவி ஒன்றும் கிடையாது. காரைப் பக்கத்துக் களிமண் இரண்டு கை. வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும், அரைகுறையாகக் காய்ந்தால் கரையாது. அப்புறம் வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்தால் கட்டி தானாக உதிர்ந்து சேறாகும். ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கிடைக்கும் நைலான் துணியில் ஊற்றி, கீழே வரும் தண்ணீர் தெளிவாகும்வரை அலசி, மிச்சத்தைக் காயவைத்து, கறுப்பு அட்டையில் மெல்லத் தூவிவிட்டு லென்ஸ் பிடித்துப் பார்த்தால், மணலுக்கு நடுவே மணல் இல்லாதது தெரியும். சுருள், அறை அறையாக, சங்குக்குச் சங்கு வைத்துக் கட்டின மாதிரி. ஃபொராமினிஃபெரா, ஒற்றைச் செல் உயிரின் ஓடு. தண்ணீரில் நனைத்த பெயிண்ட் பிரஷ் நுனியால் தொட்டு எடுக்கவேண்டும், மூச்சு வேகமாக விட்டால் பறந்துவிடும். வகுப்பில் பத்து நிமிடம் சும்மா இருக்காத பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்க்கவேண்டும் நீங்கள்.

அதே பிள்ளைகளிடம் ஜிப்சம் தகட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் கொடுத்து நகத்தால் கீறச் சொல்வேன். ஜிப்சத்தில் கோடு விழும், மற்றதில் விழாது, எது எது என்று அப்புறம் அவர்களே பிரித்துவிடுவார்கள், கனிமத்தின் கடினத்தன்மை என்ற பாடம் முடிந்தது. ஒருநாள் ஒரு பெண் சுறாப் பல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, பல்லாவே கிடைக்குதே, எலும்பு எங்கக்கா போச்சு?" என்று கேட்டாள். சுறாவுக்கு எலும்பே கிடையாது, உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, அது மக்கிவிடும், பல் மட்டும் வாழ்நாள் முழுக்க விழுந்து விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, அப்ப ஒரு இடத்தில் நூறு பல் கிடைத்தால் நூறு சுறா இருந்தது என்று சொல்லமுடியாதுதானே என்று திருப்பிக் கேட்டாள். கல்லூரியில் இந்த இடத்துக்கு வர எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆனது!

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள், நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் சிமெண்ட்காரர்கள் விட்டுப்போன குழியிலேயே. அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் பென் டிக்ஸி என்று ஒரு இடம், சிமெண்ட் கம்பெனி கல் வெட்டிய பழைய குவாரி. இன்று அது புதைபடிவப் பூங்கா. பிள்ளைகள் சுத்தியல் எடுத்துக்கொண்டு போய் 38 கோடி ஆண்டுப் பழைய டிரைலோபைட் என்ற கடலுயிரின் படிவத்தைத் தட்டி எடுத்து, வீட்டுக்கே கொண்டுபோகலாம். வட கரோலைனாவில் அரோரா என்ற சின்ன ஊரில் பாஸ்பேட் சுரங்கத்துக் கழிவு மண்ணை அருங்காட்சியகத்துக்கு எதிரே கொட்டிவைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் சல்லடை போட்டுச் சுறாப் பல் பொறுக்கலாம். நியூ ஜெர்சியில் மார்ல் என்ற மண்ணை வெட்டிய ஒரு பழைய குவாரி, டைனோசர்களின் கடைசிக் காலத்தது, அதாவது நம் அரியலூர்ப் பாறைகளின் கூட்டாளி. ரோவன் பல்கலைக்கழகம் அதை வாங்கி, ஊர் மக்களையும் பிள்ளைகளையும் தோண்டவிட்டு, 2025 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்துவிட்டது. கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆல்ஃப் அருங்காட்சியகம் இருக்கிறது. 1936இல் ரேமண்ட் ஆல்ஃப் என்ற ஆசிரியரோடு பாலைவனத்துக்குப் போன மாணவன் ஒருவன் கண்டெடுத்த மண்டையோடு, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பன்றி வகை விலங்கினுடையது என்று தெரியவந்தது, அதிலிருந்து வளர்ந்த இடம் அது. 2009இல் அதே பள்ளி மாணவர் ஒருவர் யூட்டாவில் குட்டி டைனோசர் ஒன்றைக் கண்டுபிடித்தார், பெரிய நிபுணர்கள் இரண்டு பேர் சில அடி தூரத்தில் கடந்துபோன இடத்தில்.

அங்கே பணம் இருக்கிறது என்பீர்கள். சரி, இங்கே என்ன இல்லை என்று பார்ப்போம். செய்முறையாக அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்க 6 முதல் 8ஆம் வகுப்புவரை வானவில் மன்றம் என்ற திட்டம் 2022 நவம்பரில் தொடங்கியது, தொடங்கிவைத்ததே திருச்சியில். பள்ளி பள்ளியாகப் போகிற கருத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுபோகிற பொருட்களோடு ஒரு நைலான் துணி, சில லென்ஸ், சலவை சோடா, பிரஷ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்த்தால் போதும். அரியலூரில் அரசுக்கே சொந்தமான சிமெண்ட் ஆலை இருக்கிறது, முதல் லோடுக்கு வெளியே யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை. திருச்சியிலும் சேலத்திலும் ஜியாலஜி மாணவர்கள் இருக்கிறார்கள், மாதம் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னால் வருவார்கள், பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள்.

பிள்ளைகளைச் சுரங்கத்துக்குள் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செங்குத்துச் சுவரும் தண்ணீர் நிரம்பிய குழியும் பிள்ளைகள் நடமாடும் இடமில்லை. கல்தான் பள்ளிக்கு வரவேண்டும். இன்னொன்று, காரைப் பள்ளத்தாக்கில் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு போவது பற்றி எனக்கு உங்களைவிட ஆத்திரம் அதிகம். லோடில் வந்த கல்லிலிருந்து சிப்பி, நத்தை எடுத்தால் பிள்ளை வைத்துக்கொள்ளட்டும். நிலத்தில் பாறையோடு இருப்பதைத் தொடக்கூடாது, படம் எடுத்து இடத்தைக் குறித்துவைத்துச் சொல்லவேண்டும். எலும்பு மாதிரி எது கண்ணில் பட்டாலும் வாரணவாசிக்குப் போகவேண்டும், கண்டுபிடித்த பிள்ளையின் பெயர் அங்கே சீட்டில் இருக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு கல்லுக்கும் எந்தக் குவாரி, எந்த அடுக்கு, என்ன தேதி என்று லோடோடு ஒரு தாள் வரவேண்டும், அது இல்லாத புதைபடிவத்துக்கு ஆராய்ச்சியில் மதிப்பில்லை, அதைப் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.

பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கல் பொறுக்கினால் வேலை கிடைக்குமா? கிடைக்கும் என்று தாராளமாகச் சொல்லுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஆள் எடுக்க யுபிஎஸ்சி தனித் தேர்வே நடத்துகிறது. பிள்ளைகள் மாடியில் அலசி எடுக்கிற அதே ஃபொராமினிஃபெரா வகைகளை வைத்துத்தான் எண்ணெய்க் கிணற்றில் துளைக்கும்போது எந்தக் காலத்துப் பாறையில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கிறார்கள். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் ஓஎன்ஜிசி துளைக்கிற காவிரிப் படுகையின் ஓரம்தான் இங்கே வெளியே தலைகாட்டுகிறது.

அரியலூர் மாவட்டத்தில் டைனோசர் எலும்பு கிடைத்த கல்லமேட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1980களில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகிலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை, ஓயவும் வழியில்லை, ஏனென்றால் அந்த எலும்புகள் இப்போது இல்லை. நொறுங்கிப் போய்விட்டன. பழைய படமும் வரைபடமும் அளவும்தான் மிச்சம். இந்த மண்ணில் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழையும் புதிதாக எதையாவது வெளியே கொண்டுவருகிறது, அடுத்த மழை அதையே கரைத்துவிடுகிறது. சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஆள் வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடும். ஆடு மேய்க்கப் போகிற, ஓடை வழியாகப் பள்ளிக்கு நடக்கிற பிள்ளைகள்தான் அந்த இடைவெளியில் அங்கே இருக்கிறார்கள்.

மழை முடிந்து தரை இறுகியதும், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, ஆண்டுத் தேர்வுப் பரபரப்பு தொடங்குவதற்கு முன் சில வாரங்கள் கிடைக்கும். அப்போது ஆரம்பிக்கலாம். எந்தெந்தப் பள்ளியில் லாரி உள்ளே போக வாசல் அகலம், எங்கே மரத்தடி நிழல், எங்கே தண்ணீர்க் குழாய் என்று சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். கேட்டால் அன்றைக்கே கொண்டுவந்து கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு அறிவியல் டீச்சர்