உர்ஷ்கான்னு ஒரு பேரு

அடியே மீனா,

உன் மெசேஜுக்கு பதிலே போடல, கோவமா இருப்பன்னு தெரியும். நல்லாதான் இருக்கேன், ஸ்லோவேனியாவுல, இந்த லுப்லியானாவுல குளிர் ஆரம்பிச்சிடுச்சு. சாந்தி அக்காவை கேட்டதா சொல்லு, ஊறுகாய் பாட்டில் கதையை மட்டும் மறுபடி எடுக்க விட்றாத.

எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு பொண்ணு பொறந்திருக்குடி, பாட்டி பேரையே வச்சிட்டாங்க, உர்ஷ்கா. அதுல இருந்து இந்தப் பேரு என்னை விடவே மாட்டேங்குது. லத்தீன்ல உர்சான்னா பெண் கரடி, உர்சுலான்னா குட்டிக் கரடி. ஜெர்மனியில கொலோன் நகரத்துல உயிரை விட்டதா சொல்ற புனித உர்சுலாவோட பேரு அது, அக்டோபர் 21 அவங்க திருநாள். இங்க வந்து உர்ஷுலா ஆகி, வீட்டுல செல்லமா கூப்பிட்டு உர்ஷ்கா ஆகி, இப்ப அதையே முழுப்பேரா வைக்கிறாங்க. கொச்செவ்யே காட்டுல நிஜக் கரடியே திரியுற நாடு, ஆனா இவங்க பாஷையில கரடிக்கு 'மெத்வெத்', தேன் தின்னின்னு அர்த்தம், அதனால பேரைக் கேட்டா கரடி நெனப்பே வராது.

வர்றது ஆத்தோட போன பொண்ணு நெனப்புதான். 1547 ஜூலையில ஒரு ஞாயித்துக்கிழமை, இந்த ஊரு பழைய சந்தைத் திடல்ல லிண்டன் மரத்தடியில ஊரே ஆடிட்டிருக்க, ஒரு அழகன் வந்து உர்சுலாங்கிற பொண்ணோட ஆடி, அப்படியே லுப்லியானிட்சா ஆத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டானாம். வல்வசோர்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1689ல எழுதி வச்சது. அதைத்தான் இவங்க பெரிய கவிஞர் பிரெஷெரன் பாட்டாக்கினார், 'நீர் மனுஷன்'னு. சாவா நதி டான்யூப்ல சேர்ற எடத்துலயே உன் அழகைப் பத்தி கேள்விப்பட்டேன்னு அந்த அழகன் உர்ஷ்காகிட்ட சொல்றான் பாரு, அந்த எடம் எனக்கு உயிரு! கடைசியில படகுக்காரங்க சுழலைத்தான் பாத்தாங்களாம், உர்ஷ்காவை யாரும் பாக்கல.

ஆனா மனசு ஆறலடி. பாட்டுல அவ மேல சொல்ற குத்தம் என்ன, அழகி, கர்வக்காரி, நெறைய பேரை ஏங்க வச்சா, அவ்ளோதான். அதுக்கு ஆத்துல போகணுமா? பள்ளிக்கூடப் புள்ளைங்க இன்னிக்கும் இதைப் படிக்குதுங்க. அப்படியும் பயப்படாம இந்தப் பேரை வைக்கிறாங்களே, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆபீஸ்காரியோட குட்டி உர்ஷ்கா நல்லா ஆடட்டும்.

உன் தம்பி குழந்தைக்கு பேரு முடிவாச்சா? பாட்டி பேரை வேணாம்னு சொல்றவங்களை நீ விடாத, சண்டை போடு. சீக்கிரம் எழுது.

உன்
வசந்தி