சரிவுல விதை தெளிச்சா மட்டும் போதாது, முதல் வருஷம் ஆள் வெச்சு பாக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டுல வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை பஸ்ல போய் வர்றவன் நான், மழைக்காலம் வந்துட்டா ஜன்னலோரமா உக்காந்து மேல இருக்கற பாறையவே பாத்துட்டு வருவேன். 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை கொட்டி மண்சரிவுல நாப்பது பேருக்கு மேல செத்துப்போனத நீலகிரிக்காரங்க யாரும் மறக்க மாட்டோம்.

இப்ப சில இடத்துல ரோட்டோர சரிவுல துளை போட்டு கம்பி இறக்கி, வலை போர்த்தி, அதுமேல புல்விதை, உரம், நார், பசை எல்லாத்தையும் தண்ணியில கலந்து பைப்ல பீய்ச்சி அடிக்கறாங்க, ஹைட்ரோ சீடிங்னு சொல்றது. நல்ல வேலைங்க, நான் குறை சொல்லல. ஆனா எங்க பக்கத்துல ஒரு சரிவுல அடிச்சாங்க, நாலு நாள் கழிச்சு கனமழை, எல்லாம் வழிஞ்சு கீழ ஓடைக்கு போயிருச்சு. ஒரு மாசம் கழிச்சு பாத்தா ஓடைக்குள்ள பச்சைப்பசேல்னு புல்லு, மேல பாறை மொட்டையாவே நிக்குது. அந்தப் பாறையில விரல் வெச்சுப் பாத்தேன், ஒரு இஞ்ச் கூட மண்ணு இல்ல, விதை எங்க போய் நிக்கும்?

பொள்ளாச்சியில தேங்காநார் வலை கிடைக்குது, அதை முதல்ல பாறையோட ஒட்டி முளையடிச்சு விரிச்சா மண்ணையும் ஈரத்தையும் புடிச்சு வெக்கும், ரெண்டு மூணு வருஷத்துல அது மக்கறதுக்குள்ள வேர் இறங்கிரும். ஜூன் ஜூலை தூறல்லயே இதை முடிச்சிரணும், அக்டோபர் மழைக்கு முன்னாடி வேர் புடிச்சாத்தான் நிக்கும். அப்புறம் ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் யாராவது தண்ணி விடணும், கருகுன இடத்துல மறுபடி விதைக்கணும். அந்த ஒரு வருஷத்துக்கான கூலியையும் டெண்டர்லயே சேத்துருங்க.

தேயிலைத் தோட்டத்துல கவுதமாலா புல்லு நட்டு மண்ணைக் காப்பாத்துனது எங்கம்மா மாதிரி தோட்டத்துல வேலை செஞ்சவங்களுக்கு நல்லாவே தெரியும், அவங்களையும் கேளுங்க. கீழ பர்லியார் பக்கம் சூடு ஜாஸ்தி, அங்க வெட்டிவேர் நல்லா வரும், வேர் பத்தடி இறங்கும், ஆனா ஊட்டி பனியில அது திணறும், அங்க நம்ம புல்வெளியில தானா வளர்ற புல்லோட விதையத்தான் எடுக்கணும். செங்குத்து சரிவுல கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், மாதிரி பெரிய மரம் மட்டும் வேண்டவே வேண்டாம், காத்துல ஆடி பாறையோட சேத்து பேத்துட்டு வந்துரும்.

கான்கிரீட் சுவருக்கும் இதேதான், நடுநடுல ஒரு அடிக்கு குழி மாதிரி விட்டு மண்ணு நிரப்பி கொடி நடலாம். ஆனா தண்ணி வெளிய வர்ற ஓட்டைய அடைக்காம பாத்துக்கணும், அரச மரக்கன்னு முளைச்சா சின்னதுலயே புடுங்கிரணும், விட்டா சுவரையே பொளந்துரும்.

புல்லு மேல்மண்ணத்தான் புடிக்கும், ஆழத்துல இருந்து சரியறத அதால நிறுத்த முடியாது. அதனால சரிவுக்கு மேல மழைத்தண்ணிய திருப்பி விடற கால்வாயையும் வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தூர்வாருங்கன்னு சம்பந்தப்பட்டவங்கள கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்