பலாலிக்குத் தண்டவாளமா?

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கால்வலி குறைந்ததில் சந்தோஷம். மகள் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறாள். வேறு விசேஷமில்லை.

சரி, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கான உன் யோசனைக்கு வருகிறேன். ஓடுபாதை குட்டையாக இருந்தால் என்ன, மின்காந்தத் தண்டவாளம் போட்டுத் தள்ளிவிட்டால் பெரிய ஜெட்டும் எழும்பிவிடுமே என்கிறாய். எழும்பும் மச்சான். ரைட் சகோதரர்களே 1904இல், கோபுரத்தில் தூக்கிய பாரத்தை விழவிட்டு அந்த இழுப்பில் விமானத்தைக் கிளப்பியவர்கள்தான். அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இப்போது மின்காந்தம் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அங்கே இருப்பவன் போர் விமானி. சில செக்கனில் அந்த வேகத்துக்குப் போனால் நம் ஆச்சிமார் தாங்குவார்களா? பயணிகளை மெதுவாகத்தான் தள்ள வேண்டும். மெதுவாகத் தள்ளினால் பாதை நீளும். உன் யோசனை அங்கேயே பாதி அடிபடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் 2011இல் தொடங்கிய கேப்ரியல் ஆய்வு சில்லே வேண்டாம் என்று பார்த்தது. காந்தத்தில் மிதக்கும் வண்டி விமானத்தைச் சுமந்து ஓடி ஏற்றிவிடும்; இறங்கும்போதும் கீழே ஓடிவந்து ஏந்திக்கொள்ளும். சில்லும் அதன் கால்களும் விமானத்தின் எடையில் 3 முதல் 5 சதவீதம். பறக்கும் நேரமெல்லாம் சும்மா சுமக்கிற பாரம் அது, கழன்றால் எண்ணெய் மிச்சம். கணக்கு அழகுதான். இறங்குவதில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. பக்கக் காற்றில் மூக்கைச் சரித்துக்கொண்டு வரும் விமானத்துக்கு அடியில், அதே வேகத்தில், அதே கோணத்தில் வண்டியும் வந்து சேர வேண்டும். அதைக் கணினி செய்துவிடும் என்றே வை. 2022இல் இங்கே எண்ணெய் இல்லாமல், விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை மறந்திருக்கமாட்டாய். சில்லில்லாத விமானம் அங்கே எதன்மேல் இறங்கும்?

எனக்குப் பிடித்தது ஓடுபாதை ஓரத்தில் இருக்கும் நாலு விளக்குகள்தான். பாப்பி என்பார்கள். சரியான சரிவில் வந்தால் விமானிக்கு இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. நாலும் வெள்ளையென்றால் உயரம் கூட. நாலும் சிவப்பென்றால் ஆபத்தான தாழ்வு. வழமையான சரிவு 3 பாகை, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 50 மீற்றர் இறக்கம். மழைமூட்டத்தில் விளக்குத் தெரியாவிட்டால் ஐ.எல்.எஸ். என்ற தரையிறங்க வழிகாட்டும் கருவி இருக்கிறது. அதன் இரண்டு வானொலிக் கற்றைகளில் ஒன்று இடம் வலம் காட்டும், மற்றது ஏற்ற இறக்கம். இவை பழுதானாலும் விமானி மேலே ஏறி வேறிடம் போய்விடலாம். வண்டி பழுதானால் என்ன செய்வது?

பலாலிக்குக் காசு வந்தால் ஓடுபாதையை நீட்டட்டும் என்பதுதான் என் கட்சி. நீட்டுவதற்கு வேண்டிய காணிகள் யாருடையவை, சொந்தக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

தைப்பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். இங்கிருந்து என்ன வாங்கி வர வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
சிவா