ராத்திரி போன் இனி எனக்கில்லை

டேய் குண்டா,

பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டிக் காக்கும் வேலையை விட்டாயிற்று. ஆபீஸ் அதேதான், சர்வர் படுத்தால் வரும் ராத்திரி போன் மட்டும் இப்போது வேறொருவன் தலையில். எங்கள் பராமரிப்பு ஸ்கிரிப்ட்களை, அதான் வரிசையாக ஓடும் கமாண்ட் பட்டியல்களை, எழுதுவதற்கென்றே ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதே. "இருக்கிற மொழியெல்லாம் போதாதா?" என்று சாமியார் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

லாரி வால் மட்டும் என்ன செய்தாராம்? ஆக் என்கிற ஃபைல் அலசும் மொழியில் ரிப்போர்ட் எடுக்க உட்கார்ந்தார். ஒரு ஃபைலுக்குள் இருக்கும் தகவலைப் பார்த்து வேறு ஃபைல்களைத் திறந்து மூட அதில் வழியில்லை. உடனே ஒரு மொழியையே எழுதிவிட்டார். 1987 டிசம்பரில் பெர்ல் வெளியே வந்தது. நம் ஜாதிச் சோம்பேறித்தனம்தான்!

என் தூக்கத்தைக் கெடுப்பது ஒரே கேள்வி. ஒரு கமாண்ட் ஃபெயில் ஆனால் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டுமா, கூடாதா? கமாண்ட்களை ஓட்டும் ஷெல் தானாக நிற்காது. டைரக்டரி மாற்றும் சிடி ஃபெயில் ஆனாலும், அடுத்த வரியில் ஃபைல்களை அழிக்கக் காத்திருக்கும் ஆர்எம்மை நின்ற இடத்திலேயே ஓட்டும், அது யார் டைரக்டரி என்று கேட்காது. சரி, எது ஃபெயில் ஆனாலும் நில் என்று வைக்கலாமென்றால் ஃபைலுக்குள் வார்த்தை தேடும் கிரெப் இடிக்கிறது. தேடியது கிடைக்காவிட்டால் அது 1 என்று திருப்பும், அதுவும் ஃபெயில் கணக்குதான். நிஜக் கோளாறு என்றால்தான் 2. சர்வர் எழுதிவைக்கும் லாகில் எர்ரர் இல்லை என்பது நல்ல செய்தி, அதற்குப் போய் ஸ்கிரிப்ட் நிற்கலாமா? இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் டிஃப்பும் இதே வம்பு. ஒவ்வொரு கமாண்டுக்கும் நான் உட்கார்ந்து ஜாதகம் கணிக்க முடியாது. எழுதுகிறவனே சொல்லட்டும் என்று விட்டால், அதிகாலை இரண்டு மணிக்கு எவன் சொல்வான்? நாம் என்றைக்காவது சொன்னோமா?

முடிவைத் தள்ளிப்போடவும் பயமாக இருக்கிறது. புரோகிராம்களைக் கட்டித் தரும் மேக் என்கிற கருவியில் கமாண்ட் வரியை டேப்பில் ஆரம்பிக்க வைத்தது தொல்லை என்று, அதை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டதால் மாற்றாமல் விட்டார். 1976 சமாசாரம். இன்றும் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் அடித்துவிட்டு முழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மொழியை இப்போதைக்கு மூன்று பேர்தான் ஓட்டுகிறார்கள்.

ஃபெயில் ஆனால் நிற்கட்டும், கமாண்டுக்கு முன்னால் 'பரவாயில்லை' என்று போட்டால் மட்டும் ஓடட்டும் என்பது என் கட்சி. நீ என்ன சொல்கிறாய்? உன்னிடம் இருப்பதிலேயே படுகேவலமான பேக்கப் ஸ்கிரிப்டை அனுப்பு, ஓட்டிப் பார்க்கிறேன். பாஸ்வேர்டை எடுத்துவிட்டு அனுப்பு, போன தடவை மாதிரி வேண்டாம்.

மொட்டை